துணைக்குப் பட்டினி கிடக்கும் மகள்

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 157 செ.மீ., எடை 74 கிலோ. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. எடை குறைய ஒரு நாளைக்கு 1200 கலோரி என்கிறது போன் செயலி. ஜிம் நடத்தும் சொந்தக்காரர் ஒருவர் 1000-ஐத் தாண்டாதே என்கிறார். நானும் வாரமெல்லாம் வாயைக் கட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் எல்லாம் போய்விடுகிறது. ஆறாவது படிக்கும் மகள்தான் நான் சாப்பிட்டதை எல்லாம் செயலியில் ஏற்றுவாள், கெட்டிக்காரி. எனக்குத் துணையாக அவளும் இப்போது ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். கணவர் இதிலெல்லாம் தலையிட மாட்டார். எனக்கு எத்தனை கலோரி சரி?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் மகள் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஆறாவது என்றால் பதினொரு வயது இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 10 முதல் 12 வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2060 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு 1660 போதும். உங்களைவிட அதிகம் சாப்பிட வேண்டியவள் அவள். எலும்பு நீளுகிற வயது, வயசுக்கு வருகிற சமயம். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, புரதம் எல்லாமே இப்போது கேட்கும். இந்த வயதில் விட்டதை முப்பது வயதில் மாத்திரை போட்டு முழுதாகப் பிடித்துவிட முடியாது. அவள் பசியோடு படுக்கப் போகிறாள், நீங்கள் அதைத் துணை என்று எழுதுகிறீர்கள்.

அம்மா தின்ற ஒவ்வொரு இட்லிக்கும் எண் போடுகிற பிள்ளை, தன் தட்டைப் பார்த்தும் எண் போடத்தான் செய்யும். சாப்பாடு என்றாலே தப்பு, குறைத்தால் அம்மாவுக்குச் சந்தோஷம் என்று அவளுக்குப் பதிந்துகொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லைதான். தடுக்கவும் இல்லையே? பிள்ளை தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பது பெற்றவர்களின் முதல் வேலை. உங்கள் எடை அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கே செயலியை அவள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். 'இது அம்மாவோட வேலை, நீ வளர்ற பிள்ளை, உனக்கு இந்தக் கணக்கே கிடையாது' என்று நேராகச் சொல்லுங்கள். அவள் எதிரில் 'குண்டாயிட்டேன்' என்று புலம்புவதையும் நிறுத்துங்கள்.

சரி, உங்கள் கணக்கு. கிலோவை 10-ஆல் பெருக்குங்கள், 740. உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 981. வயதை 5-ஆல் பெருக்கி அந்த 180-ஐக் கழியுங்கள், பெண்களுக்கு என்று இன்னொரு 161-ஐயும் கழியுங்கள். 1380 வரும். சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்பு எரிப்பது ஏறக்குறைய இவ்வளவு. உட்கார்ந்த வேலைக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் 1650-ஐ ஒட்டி நிற்கும். வீட்டு வேலையும் பார்க்கிறீர்கள், 1750 என்று வைத்துக்கொள்வோம். அதில் 350 குறைத்தால் 1400. இதுதான் உங்கள் எண். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்பதால் மாதம் ஒன்றேகால் கிலோ வரை குறையலாம். போகப் போக வேகம் குறையும், பயப்படாதீர்கள்.

1200 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு கிலோ குறைய வேண்டும் என்று தட்டியிருப்பீர்கள். அதற்கு தினமும் 1100 கலோரி குறைக்க வேண்டும், உங்களுக்கு மிச்சம் 650-தான் இருக்கும். பெண்கள் 1200-க்குக் கீழே போகக் கூடாது என்று பல செயலிகள் அங்கேயே நிறுத்திவிடுகின்றன. உங்களை அளந்து சொன்ன எண் இல்லை அது. 1000 என்பது மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாத அளவு. ஆறு நாள் அப்படிக் கிடந்துவிட்டு ஏழாவது நாள் பிரியாணி அண்டா முன்னால் உட்கார்ந்தால் கை எப்படி நிற்கும்? பிரியாணியைக் குறை சொல்லாதீர்கள். 1400 சாப்பிட்டுவிட்டுப் போனால் ஒரு தட்டோடு எழுந்திருக்க முடியும்.

அப்புறம் எண்ணெய். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் கடலை எண்ணெய் ஆகிறது என்றால் தலைக்கு தினமும் 340 கலோரி அதிலேயே போகிறது. 3 லிட்டராக்கினால் 200 சொச்சம்தான். இந்த ஒரு மாற்றத்தை வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்யலாம். களிக்குக் கீரைக் கடைசலை இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளுங்கள், வேர்க்கடலைச் சட்னியை மட்டும் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். எடையை வாரம் ஒருமுறை, காலையில் பாருங்கள். வேலூர் வெயிலில் ஒரு நாள் வியர்வையே தராசை ஏமாற்றிவிடும்.

துணை வேண்டும் என்றால் கணவரைக் கூப்பிடுங்கள். தலையிட மாட்டார் என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். சாயங்காலம் கோட்டைப் பக்கம் அரை மணி நேரம் உங்களோடு நடப்பதும், மகள் தட்டில் மூன்றாவது தோசையை அவர் கையால் வைப்பதும் குடும்பத் தலைவனுடைய கடமைதான். ராத்திரி மூவரும் ஒன்றாக உட்காருங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அவள் பழையபடி சாப்பிட வரவில்லை, ஒளித்து வைக்கிறாள், எடை இறங்குகிறது என்றால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கணவரும் கூட வரட்டும். அங்கே உங்கள் எடைப் பேச்சை எடுக்காதீர்கள்.