பக்கத்தில் இருங்கள், விடையைச் சொல்லாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, திருகோணமலை மாவட்ட வாசகர்கள் எழுதியவற்றுக்குப் பதில் தருகிறோம்.

மகன் தரம் 3. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்லுகிறான். ஒரு வரியை வாசி என்றால் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு முழிக்கிறான், இல்லாவிட்டால் படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிடுகிறான். ஏசியும் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்? (ஒரு தாய், உப்புவெளி)

ஏசுவதை விட்டுவிட்டு, எங்கே தடக்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். படம் இல்லாத வெள்ளைத் தாளில் மூன்று வரிசை எழுதுங்கள். முதலாவது வரிசையில் பல், மரம், படம், நகம். இரண்டாவதில் மீன், காகம், பூனை. மூன்றாவதில் தேன், கெண்டை, கொக்கு, தோணி. எந்த வரிசையில் நிற்கிறான் என்று பாருங்கள்.

முதல் வரிசையிலேயே நின்றால், அவன் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "பானா, டானா, இம்" என்று எத்தனை தரம் சொன்னாலும் அதிலிருந்து "படம்" வராது. பெயரை விட்டு ஒலியை மட்டும், நடுவில் மூச்சை நிறுத்தாமல், இழுத்துச் சேர்க்கப் பழக்குங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடல், நகம், சங்கு மூன்றிலும் இருப்பது அதே ககரம்தான், ஆனால் வாயில் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஒரே ஒலியை மட்டும் பழகிய பிள்ளை ந, க, ம் என்று சரியாகவே சொல்லும், ஆனால் தன் விரலில் இருக்கும் நகம்தான் அது என்று பிடிபடாது. அந்த இடத்தில் "இதைப் போல ஒரு சொல் உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த கணமே பிடித்துவிடும்.

மூன்றாவது வரிசையில் நின்றால் கொம்புதான் பிரச்சினை. "கொ" என்பதை இடமிருந்து வலமாகப் பார்க்கும் கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு தெரியும். ஒலியோ ஒன்றுதான். போதாக்குறைக்கு அரவு "ர" மாதிரியே இருக்கும். அதனால் கொக்கு "கெரக்கு" ஆகிவிடும். கலர்ப் பென்சிலால் அந்த மூன்று துண்டையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்து, "இது முழுக்க ஒரு எழுத்து" என்று காட்டுங்கள். க, கா, கெ, கே, கொ, கோ ஆறையும் ஒரு வரியில் எழுதி, வரிசை மாற்றித் தொட்டுக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மெய்யெழுத்துக் குடும்பம் போதும். இரண்டாவது வரிசையில் நின்றாலும் இதே மாதிரி, அந்த வரிசையில் வரும் குறிகளைப் பழக்குங்கள்.

இதனுடன் தினம் 10 நிமிட வாசிப்பு. தரம் 3 புத்தகம் வேண்டாம், தரம் 2 புத்தகத்தில் 40, 50 சொல் உள்ள ஒரு பந்தியை எடுங்கள். முதல் தரம் நீங்கள் சொல்லுக்குக் கீழே விரலை ஓட்டி வாசிக்க அவன் பார்க்கட்டும், இரண்டாம் தரம் இருவரும் சேர்ந்து, மூன்றாம் தரம் அவன் தனியே. 50 சொல்லில் ஐந்துக்கு மேல் பிழைத்தால் பந்தி கடினம், மாற்றுங்கள். தடக்கும் இடத்தில் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெற்றோரில் பலர் இரண்டு எண்ணுமுன் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளையும் வாசிப்பதை விட்டுவிட்டு அம்மாவின் வாயைப் பார்க்கப் பழகிவிடுகிறது. ஐந்து எண்ணியும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள், கடைசியில் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வாருங்கள்.

அதே பந்தி மூன்று நாளைக்கு. "பாடமாக்கிவிடுவானே" என்று பயந்தால், பந்தியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள், பாடமாக்கியது அங்கே உதவாது. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசைவில்லை, அல்லது புத்தகத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகிறான் என்றால் கண்ணைப் பரிசோதித்து, வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள்.

மகள் தரம் 5. விடிய 5 மணிக்கு எழும்புகிறாள். பாடசாலை, பின்னேரம் இரண்டு ரியூசன், இரவில் ஒரு மாதிரி வினாத்தாள், படுக்க 11 மணி. புள்ளி 120ஐத் தாண்டுவதாக இல்லை. இன்னொரு வகுப்பும் போடலாமா? (ஒரு வாப்பா, கிண்ணியா)

போட வேண்டாம். இருப்பதில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு வினாத்தாளுக்கு 40 வினா, 1 மணித்தியாலம். மற்றதற்கு 60 வினா, 1 மணி 15 நிமிடம். இரண்டும் சேர்த்து 200 புள்ளி. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம்கூடச் சரியாகக் கிடைக்காத பரீட்சை இது. அதில் களைத்த மூளைதான் முதலில் தோற்கும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் தேவை. உங்கள் மகளுக்குக் கிடைப்பது 6. பகலில் படித்தது மனதில் படிவதே தூக்கத்தில்தான். 5 மணிக்கு எழும்ப வேண்டுமென்றால் 8 மணிக்குப் படுக்க வேண்டும்.

தினம் ஒரு வினாத்தாள் செய்வதால் ஏன் புள்ளி ஏறவில்லை? காய்ச்சல்மானியை நாளைக்குப் பத்துத் தரம் வைத்தாலும் காய்ச்சல் இறங்காது. வினாத்தாள் அளக்கும் கருவி. மருந்து, பிழைத்த வினாக்களுக்குள் இருக்கிறது. ஆகவே கிழமைக்கு ஒன்று போதும். சனிக்கிழமை காலை, மணிக்கூட்டை முன்னால் வைத்து, நடுவில் எழும்பாமல் செய்யட்டும். திருத்திய பிறகு பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் அவளே ஒரு குறி போடட்டும்: விடயமே தெரியாது என்றால் "தெ", தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்றால் "வா", நேரம் போய்விட்டதென்றால் "நே". பல பிள்ளைகளுக்கு "வா" எதிர்பாராத அளவு வரும். "பொருந்தாததைத் தெரிவு செய்க" என்றிருப்பதைப் பொருந்துவது என்று வாசிப்பது வழக்கமான பிழை. இதற்கு எந்த ரியூசனும் உதவாது. வினாவின் முக்கிய சொல்லுக்குக் கீழே கோடு போட்ட பிறகே விடையைத் தொடுவது என்ற பழக்கம்தான் உதவும்.

"தெ" போட்ட வினாக்களை ஒரு 80 பக்கக் கொப்பியில் இடப்பக்கம் எழுதுங்கள், வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். விடையைப் பக்கத்தில் எழுதாதீர்கள். எழுதினால் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு "தெரியும்" என்று சொல்லிவிடும், அது பார்த்தபோது தெரிந்ததே தவிர நினைவில் இருந்ததல்ல. விடைகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை, மூன்று கிழமை கழித்து ஒருமுறை அதே வினாவைச் செய்யட்டும். மூன்றிலும் சரி வந்தால் வெட்டிவிடுங்கள். வராததை மட்டும் ஆசிரியரிடம் கொண்டு போங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைப் பற்றிய பேச்சை நிறுத்துவதற்குச் செலவே இல்லை, அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

வாய்பாட்டைப் பாட்டு மாதிரி ஒப்புவிக்கிறாள். "ஏழெட்டு எத்தனை?" என்றால் ஓரேழு ஏழிலிருந்து தொடங்குகிறாள். (ஒரு தாய், தம்பலகாமம்)

பாட்டாகப் பழகினால் பாட்டாகத்தான் வரும். இனி உதிரியாகப் பழக்குங்கள். 10 வரையான வாய்பாட்டில் 100 பெருக்கல் இருக்கிறது என்று பார்த்தால் மலைப்பு. 1, 2, 5, 10 இவை எப்படியும் தெரியும். எழுமூன்றும் மூவேழும் ஒன்றுதான் என்று இரட்டைகளையும் தள்ளினால் மிஞ்சுவது 21. ஒன்பதாம் வாய்பாட்டுக்குக் குறுக்கு வழி உண்டு: ஏழொன்பது என்றால் 70இலிருந்து ஒரு 7ஐக் கழித்து 63. அந்த ஆறையும் எடுத்துவிட்டால் உண்மையில் பாடமாக்க வேண்டியது 15 மட்டும்.

பழைய கொப்பி மட்டையைத் தீப்பெட்டி அளவில் 15 துண்டாக வெட்டி, முன்பக்கம் 7×8, பின்பக்கம் 56 என்று எழுதுங்கள். மூன்று பிஸ்கட் டின் எடுங்கள். ஒவ்வொரு புதிய துண்டும் முதலாவது டின்னில் தொடங்கும். மூன்று செக்கனுக்குள் சரியாகச் சொன்னால் அடுத்த டின்னுக்குப் போகும், பிழைத்தால் எங்கிருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். முதலாவது டின் தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கொருமுறை, மூன்றாவது ஞாயிறு மட்டும். ஒரு நாளைக்குப் புதிய துண்டு மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விரல்விட்டு எண்ணினால் தடுக்க வேண்டாம், அந்தத் துண்டு முதலாவது டின்னில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

சந்தைக்குப் போகும்போது மீன் கிலோ 1,200 ரூபாய் என்றால் 750 கிராமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பாதி 600, பாதியின் பாதி 300, ஆக 900. பின்னம் பலருக்குப் பிடிபடுவது தராசுக்குப் பக்கத்தில்தான். வியாபாரி காத்திருக்கும்போது கேட்காதீர்கள், திரும்பி வரும் வழியில் கேளுங்கள்.

நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். கணவர் வெளிநாட்டில். தரம் 9 படிக்கும் மகனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? கேட்டால் "உங்களுக்கு விளங்காது" என்கிறான். (ஒரு தாய், மூதூர்)

சொல்லிக் கொடுக்க வேண்டாம், அவனைச் சொல்ல வையுங்கள். விளங்காதவருக்கு விளங்கப்படுத்துவதைப் போலக் கடினமான பயிற்சி வேறில்லை. இந்த வேலைக்கு ஆசிரியரைவிட நீங்களே பொருத்தம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிடம், புத்தகம் மூடி இருக்கட்டும். இப்படிப் போகலாம்:

"இன்றைக்கு விஞ்ஞானத்தில் என்ன?"

"ஆவியாதல், அம்மா."

"அதென்ன?"

"தண்ணீர் ஆவியாகிறது."

"அது கொதித்தால்தானே? கருவாடு கொதிக்காமலே காய்கிறதே. அதுவும் மாரியில் காயாமல் பழுதாய்ப் போகிறது, ஏன்?"

இங்கே அவன் திணறினால் நல்லது. உடனே புத்தகத்தைத் திறக்கட்டும், காற்றும் ஈரப்பதனும் எங்கே வருகிறது என்று தேடட்டும், மூடிவிட்டுத் திரும்பச் சொல்லட்டும். தடுமாறித் தேடிய பகுதி, மஞ்சள் கோடடித்துப் பத்துத் தரம் வாசித்த பகுதியைவிட நெடுநாள் நிற்கும். உங்களுக்குத் தேவையானவை மூன்றே கேள்விகள்: அதென்ன, ஏன், நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது.

கணிதத்தில் விடை சரியா என்று உங்களால் பார்க்க முடியாமல் இருக்கலாம். படிமுறை எழுதியிருக்கிறானா என்று பார்க்க முடியும். விடை மட்டும் தனியாக நின்றால் "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். ஒரு கணக்கில் 10 நிமிடம் முயன்றும் நகராவிட்டால் நிறுத்தி, எந்த வரியில் நின்றது என்று பென்சிலால் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் அந்த வரியைக் கேட்கட்டும். "ஒன்றும் விளங்கவில்லை" என்று போகும் பிள்ளைக்கு முழுப்பாடமும் திரும்ப நடத்த ஆசிரியருக்கு நேரமிராது. பாடப்புத்தகம் தொலைந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் பாடங்களும் உண்டு.

ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறான், தரம் 6.

நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. காதை நம்பி எழுதினால் பிழைக்கத்தான் செய்யும், கண்ணும் கையும் பழக வேண்டும். பிழைத்த சொல்லைப் பத்துத் தரம் எழுத வைப்பதில் பலனில்லை, மூன்றாவது தரத்துக்குப் பிறகு கை மட்டும்தான் ஓடும். சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து ஒப்பிடட்டும். நாளைக்கு ஐந்து சொல். தனிச்சொல்லாக அல்ல, "வாலை ஆட்டியது", "வாளை உருவினான்", "வாழை குலை போட்டது" என்று வாக்கியத்தோடு.

இரண்டே அறை. மேசை வைக்க இடமில்லை. மாரியில் கரண்டும் போய்விடும்.

மேசை இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை, அதுவும் இல்லாவிட்டால் பாயில் ஒரு சாய்ந்த பலகை. இடத்தைவிட நேரம் முக்கியம்: தினமும் அதே நேரம், அந்த நேரத்தில் ரீவி நிற்க வேண்டும், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். கதிரையில் கால் நிலத்தில் படாவிட்டால் கீழே ஒரு பெட்டி வையுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தில் விழும். கரண்ட் இல்லாத இரவுகளை வாய்மொழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் விளக்கில் குனிந்து எழுத வேண்டாம்.

வீட்டில் ஒரே போன். வகுப்புக் குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. தந்தால் திரும்பி வருவதில்லை.

குறிப்பைப் பார்த்துக் கொப்பியில் எழுத 20 நிமிடம் கொடுத்து, போனைத் திரும்ப வாங்கி, அதன் பிறகு படிக்கச் சொல்லுங்கள். எழுதுவதும் படிப்பதும் வேறு வேறு வேலை.

ஆங்கிலம் வரவேண்டுமென்று வீட்டில் அரைகுறை ஆங்கிலத்திலேயே பேசுகிறோம். சரியா?

வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள். தமிழில் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தில் சொற்களை மட்டும் கற்றால் போதும். ஆங்கிலத்துக்கென்று தினம் 10 நிமிடம், பாடப்புத்தகத்தின் ஒரு பந்தியைச் சத்தமாக வாசிக்கட்டும்.