கனடாவின் சிறு கிராமங்கள் எப்படித் தோன்றின? ஆரம்பத்தில் அங்கே என்னென்ன தொழில்கள் இருந்தன?

கனடா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்டாரியோவில் ஆற்றங்கரை மாவு மில்லைச் சுற்றி ஊர் வளர்ந்தது, அட்லாண்டிக் கரையில் மீன்துறையைச் சுற்றி. மேற்கே சஸ்காட்செவன் மாகாணப் புல்வெளியில் ஊர் எங்கே என்பதை ரயில் கம்பெனிதான் முடிவு செய்தது. இந்தப் பதில் அதைப் பற்றி மட்டும்.

கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி 1907-08 வாக்கில் அங்கே பாதை போட்டபோது, நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போனது: ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெல்லிஹெர் என்று இசட்டுக்கு ஸெல்மா வரை. மனை விற்பதற்கென்றே அதற்கு ஒரு துணைக் கம்பெனியும் இருந்தது.

விவசாயிகள் பலர் ரயிலுக்கு முன்பே வந்துவிட்டார்கள். க்ரீ, சோட்டோ பூர்வகுடி மக்களுடன் 1874-இல் போட்ட நான்காம் ஒப்பந்தத்தின் பேரில் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. அந்த மக்கள் ரிசர்வு எனப்படும் ஒதுக்கு நிலங்களுக்குள் அடக்கப்பட்டார்கள். குடியேறிக்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு மாதமாவது அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உடைத்துப் பயிரிட்டால்தான் பட்டா. கணவர் உள்ள பெண்ணுக்குத் தன் பெயரில் விண்ணப்பிக்க உரிமை இல்லை. விதவை குடும்பத் தலைவியாக இருந்தால் கிடைக்கும்.

மரமில்லாத இடத்தில் முதல் வீடு மண்ணால்தான். புல்வேரோடு மூன்று நான்கு அங்குல கனத்துக்கு மண்ணை உழுது, துண்டாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சுவர் இரண்டு மூன்று அடி அகலம். குளிருக்கு நல்லது. மழைதான் வினை: வெளியே விட்ட பிறகும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஊரின் உயிர் தானிய எலிவேட்டர், அதாவது தானியத்தை உயரே தூக்கிச் சேமித்து ரயிலில் ஏற்றும் மரக் கோபுரம். குதிரை வண்டியில் ஏறக்குறைய 60 புஷல் கோதுமை ஏறும். புஷலுக்கு 60 பவுண்டு, ஆக சுமார் 1,600 கிலோ. இந்தச் சுமையோடு போய் அன்றே வீடு திரும்பவேண்டும். அதனால்தான் எட்டு பத்து மைலுக்கு ஒரு நிலையம். எலிவேட்டரில் வண்டியைச் சுமையோடு எடை போட்டு, தானியத்தைக் குழியில் கொட்டி, வெறும் வண்டியை மறுபடி எடை போடுவார்கள். குழியிலிருந்து வாளிப் பட்டை உச்சிக்குத் தூக்கும்; அங்கிருந்து திசை திருப்பக்கூடிய குழாய் வழியே வேண்டிய அறைக்கு இறங்கும். நிரம்பிய தானியம் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் சுவருக்குக் கட்டைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்தார்கள். கீழே அகலமான கட்டை, மேலே போகப்போகக் குறுகலான கட்டை. இயந்திரத்தைத் தள்ளித் தனிக் கொட்டகையில் வைத்தார்கள், தானியத் தூசி தீப்பொறியில் வெடிக்கும்.

சண்டையும் அங்கேதான்: எலிவேட்டர்காரர்கள் களைவிதை என்று கழிவு பிடிப்பார்கள், தரத்தைக் குறைப்பார்கள். எலிவேட்டரைத் தவிர்த்து நேரே சரக்குப் பெட்டியில் ஏற்ற விவசாயிக்குச் சட்டம் உரிமை தந்தும், பெட்டி கிடைக்கவில்லை. 1902-இல் சின்டலூட்டா நிலைய அலுவலர் மேல் வழக்குப் போட்டு விவசாயிகள் ஜெயித்தார்கள்.

பயிருக்கு முதல் எதிரி, விளையும் முன்பே விழும் உறைபனி. அதுவரை பயிரிட்ட ரெட் ஃபைஃப் கோதுமையை விட ஒரு வாரம் போல முன்னதாக விளையும் மார்க்விஸ் ரகம் 1909 முதல் பரவியபோதுதான் நிம்மதி. அதன் தாய்வழி, ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற நம்ம ஊர்க் கோதுமை!

தண்டவாளத்துக்கு இணையாக ரயில்வே அவென்யூ, அதற்குக் குறுக்கே மெயின் தெரு. முதலில் வருவது மரவாடி, ஏனென்றால் ஒவ்வொரு பலகையும் ரயிலில்தான் வரவேண்டும். கூடவே தபாலையும் பார்த்துக்கொள்ளும் பலசரக்குக் கடை, குதிரை லாயம், உழவுக் கருவி ஏஜென்ட். கல்லில் மழுங்கும் கொழுவைக் காய்ச்சி அடிக்கக் கொல்லன் பட்டறை. பல ஊர்களில் சீனர் நடத்திய உணவகமும் இருந்தது. 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி கட்டி வந்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரப் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1912-இல் மாகாணம் சட்டமும் போட்டது.

பலசரக்குக் கடைக்காரர் ஆண்டு முழுக்கக் கடன் எழுதி, கதிரடிப்பு முடிந்ததும் வசூலிப்பார். விளைச்சல் பொய்த்தால் மொத்த விற்பனையாளருக்கு அவர் கடனாளி. ஓட்டலுக்கு வருமானம் மதுக்கூடம். 1915 ஜூலை 1-இல் அவற்றை மாகாணம் மூடியதும் பல ஓட்டல்கள் தள்ளாடின. லாரி வந்த பிறகு எட்டு மைல் கணக்குக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. 1995-இல் தானிய ரயில் மானியமும் நின்றதும் கிளைப் பாதைகளும் மர எலிவேட்டர்களும் வேகமாக மறைந்தன.

குறிப்பிட்ட ஒரு ஊரைத் தேடுபவருக்கு: சஸ்காட்செவன் மாகாண ஆவணக் காப்பகத்தில் நில விண்ணப்பக் கோப்புகள் உள்ளன. ஊர்ப் பெயரைவிட நில எண் கைகொடுக்கும். "வடமேற்கு 14-25-11-மேற்கு 2" என்றால் 14-ஆம் செக்ஷனின் (ஒரு சதுர மைல் கட்டம்) வடமேற்குக் கால்பகுதி, அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 25-ஆவது டவுன்ஷிப் (36 செக்ஷன் சேர்ந்த பெரிய கட்டம்), இரண்டாம் மெரிடியன் என்ற வடக்கு-தெற்கு அளவைக் கோட்டுக்கு மேற்கே 11-ஆவது வரிசை. செக்ஷன் 11 அல்லது 29 என்றிருந்தால் அது பள்ளிக்கு ஒதுக்கிய நிலம், அதில் 10 டாலர் குடியேறியைத் தேடவேண்டாம்.