வென்டிலேட்டரில் இருப்பவரை எழுப்பி உட்கார வைக்கலாமா? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

அப்பாவுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். நிமோனியா வந்து நான்கு நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்கள். மூச்சுக்கே தவிப்பவரை ஏன் வதைக்க வேண்டும்?

உங்கள் பதற்றம் புரிகிறது அம்மா. ஆனால் இது வதை இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசை பத்தே நாட்களில் சராசரியாகச் சுமார் 18 சதவீதம் மெலிந்திருந்தது. கீமோவும் ஸ்டீராய்டும் அப்பாவின் தசையை ஏற்கெனவே கரைத்திருக்கும். இன்னொன்றும் உண்டு: எழுந்து நடமாட முடியாதவருக்கு அடுத்த சுற்று கீமோ கொடுக்கப் புற்றுநோய் மருத்துவர் தயங்குவார். அந்த வாய்ப்பு நழுவக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அவசரம்.

நான் செவிலியர். என் நோயாளிக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 15,000தான். பயிற்சியை நிறுத்திவிடலாமா?

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மருத்துவர் ஒப்புதலோடு கை கால்களை மெல்ல அசைக்கச் செய்யலாம்; எடை வைத்த பயிற்சி வேண்டாம். எனக்கு இதைவிடப் பெரிய பயம், முதுகெலும்புக்குப் பரவிய புற்று. ஸ்கேனைப் பார்க்காமல் யாரையும் நிமிர்த்தாதீர்கள்.

புதிதாக ஐ.சி.யூ.வில் சேர்ந்திருக்கிறேன். முதல்முறை உட்கார வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மயக்க மருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள் தம்பி. "விரலை அழுத்துங்கள்" என்றால் அவர் அழுத்த வேண்டும். ஒருவர் வாய்க்குழாயை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும், வேறு வேலை கூடாது. இன்னொருவர் முதுகைத் தாங்கட்டும். கால்கள் தொங்கியதும் ரத்த அழுத்தம் இறங்கலாம்; உங்கள் கண் மானிட்டரிலும் அவர் முகத்திலும் மாறி மாறி இருக்கட்டும். நெற்றி வியர்த்தால் உடனே படுக்க வையுங்கள்.

பயிற்சியைக் கூடுதலாகச் செய்தால் கூடுதல் பலன்தானே?

இல்லை. 2009இல் சிகாகோவிலும் அயோவாவிலும் 104 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் தம் வேலையைத் தாமே செய்யும் நிலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். ஆனால் 2022இல் வெளியான 750 பேர் ஆய்வில், வழக்கத்தைவிடத் தீவிரமாகப் பயிற்சி கொடுத்ததால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. இதயத்துடிப்பு தடுமாறுவது போன்ற பாதிப்புகள்தான் கூடின. சீக்கிரம் தொடங்குங்கள், ஆனால் விரட்டாதீர்கள்.

பார்வை நேரத்தில் நாங்கள் என்ன செய்யலாம்?

அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டுவாருங்கள். இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். சீப்பைக் கையில் கொடுத்து, முழங்கையை நீங்கள் தாங்கிக்கொண்டு, அவரையே தலை வாரச் சொல்லுங்கள். கீமோவில் முடி கொட்டியிருந்தால், ஈரத்துணியால் முகம் துடைக்கச் சொல்லுங்கள். அதுவும் பயிற்சிதான்.