விளக்கு யாருக்கு?

கேள்வி: நான் டாரட் கார்டு வைத்துக் குறி சொல்லப் பழகுகிறேன். "அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் எரிக்கப்பட்ட சூனியக்காரிகள்தான் நம் முன்னோடிகள், அவர்களுக்கு விளக்கேற்ற வேண்டும்" என்கிறார்கள் எங்கள் குழுவில். ஏற்றலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாக ஏற்றுங்கள். யாருக்கு ஏற்றுகிறோம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சேலத்தில் (மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) யாரையும் எரிக்கவில்லை. 1692-இல் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் 5 பேர் ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர் குற்றவாளியா இல்லையா என்று கோர்ட்டில் பதில் சொல்ல மறுத்ததால், மேலே கல் அடுக்கி நசுக்கியே கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் தனி.

எனக்கு மனதை விட்டுப் போகாதவர் ரெபேக்கா நர்ஸ். 71 வயது, காது மந்தம், சர்ச்சில் நல்ல பெயர். "இவள் ஆவி வந்து கிள்ளியது" என்று சிறுமிகள் சொன்னது சாட்சியாம்! அப்படியும் ஜூரிகள் முதலில் நிரபராதி என்றுதான் சொன்னார்கள். உடனே அந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சலில், மறுபடி யோசிக்கச் சொன்னார் நீதிபதி. ஜூரிகள் ரெபேக்காவிடம் ஒரு விளக்கம் கேட்டார்கள். அவர் காதில் அது விழவில்லை, பேசாமல் நின்றார். அது போதும் என்று தீர்ப்பை மாற்றிவிட்டார்கள். ஜூலை 19 அன்று தூக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற யாரையும் தூக்கில் போடவில்லை. பாதிரியார் வீட்டு அடிமை டிடுபா அப்படித்தான் தப்பினார். ரெபேக்காவும் ஒரு பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். சொல்ல மாட்டேன் என்று செத்தவரை, 300 வருஷம் கழித்து நாம் சூனியக்காரி என்று கும்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் பழைய மதம் ஒன்றை ரகசியமாகக் காப்பாற்றியவர்கள் என்று 1921-இல் மார்கரெட் முரே எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். சூனியக் கலையையே மதமாகக் கொண்ட இன்றைய விக்கா வழிபாடு 1950-களில் இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் மூலம் வெளியே தெரிய வந்தது. புதிது என்றால் குறைவா என்ன? உங்கள் டாரட்டில் எனக்கு ஆட்சேபமே இல்லை. சேலத்துக்காரர்களோ போலீஸ் காரிலேயே துடைப்பத்தில் பறக்கும் கிழவி படம் போட்டுச் சுற்றுலா நடத்துகிறார்கள், அதைத்தான் சகிக்கவில்லை.

அப்புறம், விளக்கேற்றும்போது ஜார்ஜ் பரோஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பாதிரியார். சூனியம் வைப்பவர் வாயில் கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபம் பிழையில்லாமல் வராது என்பது அந்த ஊர் நம்பிக்கை. தூக்குமேடையில் நின்று முழுசாகச் சொன்னார். கூட்டம் கலங்கியது. ஆனாலும் தூக்கிலிட்டார்கள்.