நுண்துளைகள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: போன கோடையில் வாங்கிய மண்பானை அப்போது தண்ணீரை ஜில்லென்று வைத்தது. இந்த வருஷம் குளிரவே மாட்டேன் என்கிறது சார். பழசானால் இப்படித்தானா?

பதில்: பழசானது காரணமில்லை, பானைச் சுவரின் நுண்துளை அடைத்துக்கொண்டிருக்கிறது. சுவர் வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு துளை வாயிலேயே தங்கிவிடும். பானையின் வெளிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் உப்பு பூத்திருக்கிறது என்று அர்த்தம். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் துணியை நனைத்து, பானையைச் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வையுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம். துளைக்குள் போனால் வாசனை போகாது. பெயின்ட் அடித்த பானை பார்க்க அழகு, குளிராது.

கேள்வி: எங்கள் பானை புதுசு, உப்பும் இல்லை. சென்னையில் கடற்கரைப் பக்கம் வீடு. இருந்தும் குளிரவில்லையே?

பதில்: பானைமேல் குற்றமில்லை. காற்றே ஈரமாக இருந்தால் நீர் எங்கே ஆவியாகும்? வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் பானை நீர் அதிகபட்சம் 25 டிகிரி வரை இறங்கலாம். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 75 சதவீதமானால் 31-க்குக் கீழே போக வழியில்லை. காற்றோட்டமான ஜன்னலோரம், நிழலில் வையுங்கள். அதற்கு மேல் பானையால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: இன்குபேட்டரில் வைத்த நாட்டுக்கோழி முட்டைகளில் குஞ்சு முழுசாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. வெப்பம் 37.5-ல் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஈரப்பதத்தைப் பாருங்கள். ஒரு கோழிமுட்டை ஓட்டில் பத்தாயிரம் அளவில் துளைகள் உண்டு, அகன்ற முனையில் அதிகம். அந்த வழியாக நீராவி வெளியேற வெளியேற, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிக்கொண்டே வரும். குஞ்சு முதல் மூச்சை அந்த அறையிலிருந்துதான் இழுக்கிறது. 18-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44-க்கு வர வேண்டும். 47-லேயே நின்றால் ஈரம் அதிகம், காற்றறை சிறிசு, குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். 41-க்கு இறங்கினால் எதிர்ப்பக்கப் பிரச்சினை: உள்தோல் காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை அதே முட்டைகளை, பென்சிலால் எண் போட்டு, கிராம் தராசில் நிறுங்கள். முதல் 18 நாள் 50–55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65–70 சதவீதம் ஈரப்பதம் போதும்.

இன்னொன்று: அடைக்கு வைக்கும் முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவாதீர்கள். உள்ளே இருப்பது சுருங்கும்போது, ஓட்டின்மேல் இருக்கும் அழுக்கையும் கிருமியையும் துளை வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பிளஸ் டூ பிராஜெக்ட்டுக்கு இலைத்துளை எண்ண வேண்டும். நெயில் பாலிஷ் பூசி உரித்தால் ஒன்றுமே தெரியவில்லை சார்.

பதில்: பெரும்பாலும் மூன்று தப்புகள்தான். இலையின் மேல்பக்கம் பூசியிருப்பீர்கள். பல இலைகளில் துளைகள் அடிப்பக்கம்தான் அதிகம். (தாமரை, அல்லி போன்றவை விதிவிலக்கு, மேல்பக்கம் பாருங்கள்.) அல்லது தடிமனாகப் பூசியிருப்பீர்கள். அல்லது ரோமம் உள்ள இலையை எடுத்திருப்பீர்கள். வழவழப்பான இலையைச் செடியிலேயே விட்டு, காலை ஒன்பது பத்து மணிக்கு, நிறமில்லாத பாலிஷை மெல்லிசாக ஒரே ஒரு தடவை பூசுங்கள். கால் மணி நேரம் காயவிட்டு, செல்லோ டேப் ஒட்டி உரித்து, ஸ்லைடில் ஒட்டிவிடுங்கள்.

எண்ணிக்கைக்குக் கணக்கு: கண்ணருகு லென்ஸில் பார்வைப் புல எண் (அதில் தெரியும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) 18 என்று போட்டிருந்தால், 40 மடங்கு பொருளருகு லென்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 18 ÷ 40 = 0.45 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 0.16 சதுர மில்லிமீட்டர். வட்டத்துக்குள் 24 துளை இருந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 150. ஐந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

கேள்வி: களிமண்ணில் துளையே இல்லாததால்தான் தண்ணீர் தேங்குகிறதா?

பதில்: தலைகீழ். மணலில் 40 சதவீதம் இடைவெளி என்றால் களியில் 50 சதவீதம்கூட இருக்கும். ஒவ்வொன்றும் மிகச் சின்னது, அவ்வளவுதான். துளையை ஒரு குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் மொத்த இடைவெளியைப் பார்ப்பதில் பயனில்லை. அகலமான துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். தொழுவுரம், மண்புழு, செத்த வேர் விட்டுப் போன தடம் எல்லாம் அந்த அகலத் துளைகளைத் தருகின்றன. ஈரத்தில் டிராக்டர் இறக்கினால் முதலில் நசுங்குவதும் அவைதான். இறக்கும் முன் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் கனத்தில் உடையாமல் நூலாக உருண்டால் இன்னும் காயவில்லை; உடைந்து உதிர்ந்தால் உழலாம்.

கேள்வி: முகத்தில் ஐஸ் வைத்தால் துளை மூடிக்கொள்ளுமா?

பதில்: மூடாது. அதைத் திறந்து மூடத் தசை கிடையாது.

கேள்வி: போர் தண்ணீர், டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு முதலியவை கரைந்திருக்கின்றன என்ற அளவு) 1,400. யு.எஃப். (நுண்துளைச் சவ்வு) ஃபில்டர் வாங்கினேன். உப்பு அப்படியே இருக்கிறது. ஃபில்டர் பழுதா?

பதில்: பழுதில்லை, பொருத்தமில்லை. யு.எஃப். சவ்வின் துளை 0.01 மைக்ரான், அதாவது 10 நானோமீட்டர் அளவு. பாக்டீரியா அரை மைக்ரான் தடிமன், உள்ளே வராது. கரைந்த உப்பு நானோமீட்டருக்கும் சிறியது, தாராளமாகப் போய்விடும். அதற்கு ஆர்.ஓ. வேண்டும். அதில் துளை என்று சொல்லும்படி ஒன்று இல்லை, சவ்வின் மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள இடுக்குதான். அதனால்தான் பம்பு வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது, கழிவு நீரும் வருகிறது. இந்தியத் தரநிர்ணயப்படி டி.டி.எஸ். 500 வரை நல்லது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. உங்கள் வீட்டுக்கு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. வைத்தால் போதும். வாங்கிய யு.எஃப்.-ஐத் தூக்கி எறிய வேண்டாம், மழைநீர்த் தொட்டிக்கு மாட்டிவிடுங்கள்.