தடுப்பூசி போட்ட சினைக் குதிரைக்குக் காய்ச்சல் ஏன்?

வணக்கம் ஓசூர் நண்பரே. குதிரைகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் ஹெர்பிஸ்-1 வைரஸுக்கு, செயலிழக்கச் செய்த (செத்த) வைரஸால் ஆன தடுப்பூசி போட்டும் சினைக் குதிரைக்குக் காய்ச்சல், ஊசி வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீண் இல்லை, ஆனால் அதன் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வைரஸ் ரத்த வெள்ளையணுக்குள் ஒளிந்தே கருப்பைக்குப் போகிறது. ரத்தத்தில் வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அந்த அணுவுக்குள் எட்டாது. தொற்றிய அணுவைக் கொல்வது சிடி8 டி அணு என்ற நோயெதிர்ப்பு அணு. வைரஸ் புரதம் அணுவுக்குள்ளேயே உருவானால்தான் இந்த சிடி8 அணு நன்றாக விழிக்கும். செத்த வைரஸ் அதைச் செய்யாது. பெரும்பாலும் எதிர்ப்பொருளையும் சிடி4 உதவி அணுக்களையும்தான் தூண்டும். அதனால் நோயின் கடுமையும் வைரஸ் பரவலும் குறையலாம், தொற்று முழுதாக நிற்காது.

சினையின் 5, 7, 9ஆம் மாத ஊசிகளைத் தவறவிடாதீர்கள். மருந்து 2–8 டிகிரியிலேயே இருக்கட்டும். அஞ்செட்டிப் பக்கம் எடுத்துப்போகும்போது ஐஸ் பையில் நேரடியாக ஒட்டவைத்தால் உறைந்து வீரியம் போய்விடும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இப்போதே அந்தக் குதிரையைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் மூக்குச் சளியும் ரத்தமும் பிசிஆர் சோதனைக்கு (வைரஸின் மரபணுவைக் கண்டறிவது) எடுக்கச் சொல்லுங்கள்.