சங்கீதம் 104 வாசித்தும் மனம் அசையவில்லை என்றால்

முதலில் சுற்றிலும் பாருங்கள், வேதாகமத்தைப் பிறகு திறவுங்கள். தினமும் காலை ஜெபத்தில், வேதாகமத்தின் துதிப்பாட்டான சங்கீதம் 104 முழுவதையும் வாசித்தும் வீட்டைச் சுற்றி எதுவும் அழகாகத் தெரியவில்லை என்கிறீர்கள். 35 வசனத்தையும் ஒரே மூச்சில் ஓட்டுவதுதான் காரணமாக இருக்கும். ஊற்று, மலை, கப்பல் என்று அடுத்தடுத்து வரும்போது மனம் எதிலும் நிற்காது.

உங்கள் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் வாழை இல்லாத விளை (தோட்டம்) உண்டா? குலை தள்ளிய மட்டி வாழை ஒன்றின் அருகே பத்து நிமிஷம் நில்லுங்கள். குலையின் நுனியில் தொங்கும் பூக்கூம்பில் சிவந்த மடல் ஒன்று மேலே சுருண்டிருக்கும், அதன் அடியில் இரண்டு வரிசையாகப் பூ. ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே தேன் துளி. தேன்சிட்டு அதற்குத்தான் வருகிறது. அதன்பின் 27, 28 வசனங்கள் மட்டும் போதும்: எல்லா உயிரும் ஏற்ற வேளையில் தேவனிடம் ஆகாரம் வாங்குவதைச் சொல்பவை. அந்தத் துளி யார் கையிலிருந்து வந்தது என்று அப்போது புரியும்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். நிறம், எண்ணிக்கை, சத்தம் மட்டும். "நன்றாக இருந்தது" என்றே வந்தால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஒன்று கவனம்: சாப்பாடு, தூக்கம், ஆட்கள் என எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லை என்றால் அது விசுவாசக் குறைவு அல்ல. ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள்.